குளிர் யாருக்குச் சொந்தம்?

"இங்கே வைக்காதீர்கள், வேறு இடம் பாருங்கள்!"

ஐந்தே சொற்கள். அவற்றைக் கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தவள் ஒரு தாய். அவள் கையில் இருந்தது தீப்பற்றும் பொருளல்ல, திருட்டுப் பொருளல்ல, முடை நாற்றம் வீசும் பொருளுமல்ல. விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகள் இரண்டு. உள்ளே இருந்தது இன்சுலின். என் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் அவள் மகளின் உயிர் அந்த இரண்டு குப்பிகளுக்குள் இருந்தது.

நீரிழிவு என்றால் முதியவர் நோய் என்று எண்ணுவோர் பலர். குழந்தைகளைப் பற்றும் வகையும் ஒன்று உண்டு. அதற்கு ஆளான பிள்ளைக்கு நாள் தவறாமல் ஊசி போட்டாக வேண்டும். மருந்து நின்றால் உயிர் நில்லாது. அரசு மருத்துவமனை அந்த மருந்தை விலையின்றித் தருகிறது. வாழ்க அந்த ஏற்பாடு! ஆனால் மருத்துவமனை மருந்தைத் தருகிறது, குளிரைத் தருவதில்லை. திறக்காத குப்பியை 2 டிகிரி முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் காக்க வேண்டும். உறைந்தாலும் கெடும், காய்ந்தாலும் கெடும். திறந்த குப்பி நான்கு வாரம்வரை வெளியே தாங்கும் என்பார்கள்; அதுவும் அறையின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால்! சித்திரை மாதத்தில், தகரக் கூரையின் கீழ், 30 டிகிரிக்கு எங்கே போவாள் அந்தத் தாய்?

அவள் பாத்திரம் துலக்கும் வீட்டில் ஒரு குளிர்சாதனப் பெட்டி உண்டு. ஆள் உயரம், இரண்டு கதவுகள். அந்த வீட்டு அம்மையார் இரக்கமுள்ளவர். ஓராண்டுக் காலம் தம் பெட்டியில் ஒரு மூலையைக் கொடுத்திருந்தார். பிறகு ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து தங்கினார். தயிர் எடுக்கக் கதவைத் திறந்தார், குப்பியைக் கண்டார், கேட்டார். "என்ன மருந்து?" என்றா கேட்டார்? இல்லை. "யாருக்கு நோய்?" என்றா? அதுவும் இல்லை.

"எந்தத் தெரு?" என்று கேட்டார்.

தெருவின் பெயரைச் சொன்னார்கள். மறுநாள் அந்த ஐந்து சொற்கள் பிறந்தன.

தோழர்களே! குளிர்ப்பெட்டிக்குத் தெரு தெரியாது. உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி வெளியே தள்ளுவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை. பாலை வைத்தாலும் குளிர்விக்கும். மருந்தை வைத்தாலும் குளிர்விக்கும். 'நீ எந்தத் தெருவிலிருந்து வந்தாய்?' என்று அது எந்தப் பண்டத்தையும் கேட்டதில்லை. கேட்டவர் மனிதர்! உயிரில்லாத பெட்டிக்கு இருக்கும் நடுநிலை, உயிருள்ள பெரியவருக்கு இல்லாமற் போயிற்று.

பெட்டியை அவர்கள் பணம் கொடுத்து வாங்கினார்கள். பெட்டி அவர்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் நிற்கும் குளிர் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? யார் மூளையில் பிறந்தது? யார் தோளில் ஏறி வந்தது? குளிர் யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்கு வரலாறு என்ன விடை வைத்திருக்கிறது என்று தேடினேன். கிடைத்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

எந்திரம் பிறக்கும் முன், குளிர் பணம் படைத்தவனின் பண்டமாக இருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டூடர். அவர் ஊர்ப் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்து பாறையாகும். அந்தப் பாறையைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, வெப்ப நாடுகளுக்குக் கப்பலேற்றி விற்றால் என்ன என்று எண்ணினார். 1806இல் மார்த்தினிக் தீவுக்கு முதல் கப்பல் சென்றது. ஊர் சிரித்தது, அவர் விடவில்லை. 1833இல் 'டஸ்கனி' என்ற கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. நான்கு மாதம் கடலில் கிடந்தது, வெப்பமண்டலத்தைக் கடந்தது, கல்கத்தாவை அடைந்தபோதும் சுமார் 100 டன் கரையாமல் மிஞ்சியிருந்தது!

கல்கத்தாவுக்குப் பின் பம்பாய், சென்னை. சென்னைக் கடற்கரையில் 1842இல் வட்ட வடிவமான பனிக்கிடங்கு ஒன்று எழுந்தது. கட்டடத்துக்கு இன்று வேறு பெயர். ஆனால் அந்த வட்டாரத்தை மக்கள் இன்றும் 'ஐஸ் அவுஸ்' என்றே சொல்லுகிறார்கள்.

வால்டன் குளக்கரையில் வாழ்ந்த எழுத்தாளர் தோரோவின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1846-47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய குளத்திலேயே நூறு அயர்லாந்துத் தொழிலாளர்கள் வந்து பனியை அறுத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த அவர், சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெப்பத்தில் வாடும் மக்கள் தம் குளத்து நீரைப் பருகுவதாக எண்ணி மகிழ்ந்து எழுதினார்.

நல்ல உள்ளம், நல்ல கற்பனை. ஆனால் கேட்கிறேன்: எந்தச் சென்னை மக்கள்? அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல் நடுக்கடலில் நிற்கும். மசூலாப் படகுகளில் அலையோடு மல்லாடிச் சரக்கைக் கரை சேர்த்தவர்கள் சென்னை மக்கள்தாமே? அந்தப் பனிக்கட்டி வந்தது வெள்ளைத் துரையின் மதுக்கோப்பைக்கு. செல்வர் வீட்டு விருந்துக்கு. படகு வலித்தவனின் தோளில் குளிர் ஏறியது, தொண்டையில் இறங்கியதா?

அந்தக் கட்டடம் பிறகு கண்ட மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 1870களில் சென்னையிலேயே எந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் கப்பல் பனிக்கு வேலை போயிற்று, கிடங்கு கைமாறியது. 20ஆம் நூற்றாண்டில் சகோதரி சுப்புலட்சுமி, தாமும் குழந்தைப் பருவத்திலேயே விதவையாக்கப்பட்டவர், இளம் விதவைகள் தங்கிப் படிக்க அங்கே விடுதி நடத்தினார். துரைமாரின் கோப்பைக்குக் குளிர் காத்த அதே சுவர்கள், வாழ்வு மறுக்கப்பட்ட பெண்களின் கல்வியைக் காத்தன. சுவர் மாறவில்லை. கதவு யாருக்குத் திறந்தது என்பது மாறியது! இதை நினைவில் வையுங்கள்; கட்டுரையின் கடைசியில் மறுபடியும் கதவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஏரி உறைந்தால்தான் குளிர். கப்பல் வந்தால்தான் குளிர் என்ற நிலையை உடைத்தது எது? 'ஏன்?' என்ற கேள்வி. ஊசி போடுமுன் தோலில் ஸ்பிரிட் தடவுகிறார்களே, அந்த இடம் ஏன் சில்லென்று இருக்கிறது? மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? நீர்மம் ஆவியாக வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தை அது பக்கத்தில் இருப்பதிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, இழந்தது குளிர்கிறது. குளிர் என்பது தனியாக ஒரு பொருளன்று. வெப்பம் வெளியேறிய இடமே குளிர். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் வில்லியம் கல்லன், காற்று நீக்கிய கலத்தில் ஈதரை ஆவியாக்கிச் சிறிதளவு பனியை உண்டாக்கிக் காட்டினார்.

"எங்கள் பாட்டன் பானையிலேயே இதைக் கண்டுவிட்டான்!" என்று மார்தட்டும் நண்பர்களுக்கு ஒரு சொல். பானையைக் கண்டான், பாராட்டுவோம். பானை ஏன் குளிர்கிறது என்று கேட்டானா? கேட்டவன் பெட்டியைக் கண்டான். கேட்காதவன் பானையோடு நின்றான். பெருமை பேசுவது எளிது. கேள்வி கேட்பது கடினம்.

கேள்வி கேட்டவர்களின் கதி என்னவாயிற்று? அமெரிக்காவின் தென்கோடியில் புளோரிடா. அங்கே அப்பலாச்சிகோலா என்ற பருத்தித் துறைமுகம். அவ்வூர் மருத்துவர் ஜான் கோரி. கோடைதோறும் காய்ச்சல் வந்து மனிதரை வாரிக்கொண்டு போகும் ஊர் அது. நோயாளியின் அறை குளிர்ந்திருந்தால் பிழைப்பான் என்று கோரி நம்பினார். உத்தரத்தில் தொட்டி கட்டி, அதில் பனிக்கட்டியை வைத்து, குளிர்ந்த காற்று நோயாளிமேல் இறங்கும்படி செய்தார். ஆனால் பனிக்கட்டி வடக்கிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் வராத நாளில் நோயாளி என்ன செய்வான்?

கோரி எந்திரத்தில் இறங்கினார். காற்றை அழுத்தினால் சூடேறும். அந்தச் சூட்டை நீரால் நீக்கிவிட்டு, பின் காற்றை விரியவிட்டால் குளிரும். இந்த விதியைக்கொண்டு அவர் வெப்ப நாட்டில், கோடைக் காலத்தில், பனிக்கட்டி செய்தார். 1851ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் அமெரிக்க அரசு அவருக்குக் காப்புரிமை வழங்கியது.

ஊர் கொண்டாடியதா? ஏடுகள் எள்ளின! ஆண்டவன் செய்யும் பனிக்கட்டியை அற்ப மனிதன் செய்வதா என்று ஏளனம் கிளம்பியது. பனிக்கட்டி ஆண்டவனின் ஏகபோகமாம்! ஆண்டவன் பெயரைச் சொல்லி எழுந்த அந்த ஏளனத்துக்குப் பின்னால் பனி வணிகர் டூடரின் கை இருப்பதாகக் கோரி ஐயுற்றார். ஐயம் சரியோ தவறோ, ஒன்று தெளிவு: எந்திரம் வென்றால் ஏரிப் பனிக்கு விலை போய்விடும். பணம் போட முன்வந்த கூட்டாளி இறந்தார். வேறு ஆள் கிடைக்கவில்லை. 1855இல், கையில் காசின்றி, கனவு கலைந்து, கோரி கண்ணை மூடினார். 1914இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். பிழைத்திருந்தபோது பணம் இல்லை. செத்த பிறகு பளிங்கு!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்று கோரி நம்பினார். அது தவறு. கொசு என்பது பின்னாளில்தான் தெரிந்தது. ஆனாலும் அவர் எந்திரம் பனிக்கட்டி தந்தது. பகுத்தறிவு என்பது தவறே செய்யாத அறிவன்று. தவற்றைக் கண்டுபிடிக்க விடும் அறிவு.

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்ற பத்திரிகையாளர் இருந்தார். அச்செழுத்துகளை ஈதரால் துடைக்கும்போது உலோகம் குளிர்வதைக் கவனித்தார் என்பார்கள். அச்சகத்தில் பிறந்த அந்தக் கவனம் 1850களில் பனிக்கட்டி எந்திரமாக வளர்ந்தது. 1873இல் 'நார்போக்' என்ற கப்பலில் குளிரூட்டிய இறைச்சியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். வழியிலேயே இறைச்சி கெட்டது, கைப்பணம் கரைந்தது. ஒன்பதே ஆண்டுகள்! 1882இல் 'டனீடின்' என்ற பாய்மரக் கப்பல் நியூசிலாந்திலிருந்து சுமார் 5,000 ஆட்டுடல்களை உறையவைத்து ஏற்றிக்கொண்டு, 98 நாள் கடலில் சென்று, லண்டனில் இறக்கியது. கழிக்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று! ஹாரிசன் தோற்ற வழியில்தான் அந்த வெற்றி வந்தது.

ஆனால் எந்திரக் குளிர் முதலில் யாருக்கு ஊழியம் செய்தது? பாலின்றி அழும் பச்சிளங் குழந்தைக்கா? பீர் ஆலைக்கு! ஹாரிசனின் எந்திரத்துக்கும் மது வடிப்போர் வாடிக்கையாளர். 1870களில் அம்மோனியா எந்திரத்தைச் செம்மைப்படுத்திய செருமானியப் பொறியியலாளர் கார்ல் லிண்டேக்கும் மது வடிப்போரே முதல் ஆதரவாளர். நான் அந்த அறிஞர்களைக் குறை கூறவில்லை. இலாபம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அறிவின் கனி முதலில் அந்தப் பக்கம் உருளும். அதை மக்கள் பக்கம் உருட்ட வேறு கைகள் வேண்டும் என்றுதான் சொல்லுகிறேன்.

அப்படி உருட்டிய கை ஒன்று கறுப்புக் கை. 1893இல் பிறந்த பிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ், அமெரிக்கக் கறுப்பர். தாய் தந்தை துணையின்றி வளர்ந்தவர். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தாமே படித்துப் பொறியியல் கற்றார். 1930களின் இறுதியில், சாலைக் குலுக்கலையும் தாங்கிச் சரக்கு வண்டியில் ஓடும் குளிர் எந்திரத்தை வடிவமைத்தார். காயும் கனியும் பாலும் இறைச்சியும் கெடாமல் நெடுந்தொலைவு செல்ல வழி பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் அவர் வகுத்த எந்திரங்கள் இரத்தத்தையும் மருந்தையும் காத்தன. அவர் 1961இல் இறந்தார். தேசிய விருது 1991இல் வந்தது. பல உணவகங்களில் வெள்ளையரோடு சேர்ந்து அமர அவர் இனத்தாருக்கு இடமில்லாத நாட்டில், அந்த உணவகங்களுக்கு உணவு கெடாமல் சென்றது அவர் அறிவால்! தயிர் எடுக்கக் கதவைத் திறந்த பெரியவரே, கறுப்பர் கைபட்டது என்பதற்காக இந்தக் குளிரையும் விலக்கிவிடுவீரா?

குளிர் எந்திரம் குற்றமற்றதா என்று கேட்பீர்கள். இல்லை. தொடக்கக் காலப் பெட்டிகளில் இருந்தவை அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வளிகள். கசிந்தால் உறங்கும் குடும்பமே மடியும். அத்தகைய சாவுச் செய்தி ஒன்றைப் படித்துத்தான் ஐன்ஸ்டைனும் சிலார்டும் 1926 முதல் அசையும் உறுப்புகளே இல்லாத குளிர்ப்பெட்டிக்குத் திட்டம் வகுத்தார்கள். பிறகு நஞ்சற்றது, தீப்பற்றாதது என்று குளோரோபுளோரோகார்பன் வந்தது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். 1974இல் மொலினாவும் ரோலண்டும் அது வானத்து ஓசோன் படலத்தை அரிக்கும் என்றார்கள். ஆலை முதலாளிகள் மறுத்தார்கள். அறிவியல் ஆய்ந்தது, ஒப்பியது, 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் நாடுகள் கையெழுத்திட்டு அதை ஒழிக்கத் தொடங்கின. பதிலாக வந்த வளிகள் புவியைச் சூடாக்குகின்றன என்று கண்டு, 2016இல் கிகாலியில் அவற்றையும் குறைக்க இசைந்தன. நேற்றைய தவற்றை இன்று திருத்துகிறது அறிவியல். எழுதியது எழுதியபடியே இருக்கட்டும் என்று சொல்லும் ஏட்டால் இது ஆகுமா?

இனி வீட்டுக்குள் வருவோம். அங்கே காத்திருக்கிறார்கள் பழமையைப் போற்றும் பண்டிதர்கள். "அந்தக் காலத்தில் ஃபிரிட்ஜ் உண்டா? அன்றன்றைக்குச் சமைத்தோம், அன்றன்றைக்கு உண்டோம், நோயின்றி நூறாண்டு வாழ்ந்தோம்!" என்பார்கள்.

சமைத்தோமா? யார் சமைத்தது? 'சமைத்தோம்' என்று சொல்லும் ஐயா ஒரு நாளாவது உலை ஊதியதுண்டா? அன்றன்றைக்கு மாவாட்டியவள் யார்? மூன்று வேளையும் அடுப்புப் புகையில் கண் கரைந்தவள் யார்? 1950களில் கோவையில் மின் ஆட்டுக்கல் பிறந்தது. பிறகு வீட்டுக்குள் குளிர்ப்பெட்டி வந்தது. இரண்டும் சேர்ந்த வீட்டில், ஒருநாள் அரைத்த மாவு மூன்று நான்கு நாள் நிற்கிறது. அந்த நாள்களில் மிஞ்சிய நேரம் யாருடையது? ஒரு பெண்ணுடையது. அந்த நேரத்தில் அவள் படித்தாள், வேலைக்குப் போனாள், குறைந்தது, சற்றுக் கால் நீட்டி உட்கார்ந்தாள். அதுதான் உறுத்துகிறதா?

நூறாண்டு வாழ்ந்தார்களாம்! தொட்டிலில் பாதி, தொண்டு கிழம் மீதி என்று இருந்த காலத்தில், தப்பிப் பிழைத்த கிழவரை மட்டும் காட்டிவிட்டுத் தொட்டிலை மறைக்கிறார்கள். குளிர் வருமுன் உணவைக் காத்தவை உப்பும் புகையும் வெயிலும். உப்பிட்டும் புகையூட்டியும் வைத்த உணவு குறைந்து, புதுக் காயும் கனியும் கூடியதும் பல நாடுகளில் இரைப்பைப் புற்றுநோய் குறையக் காரணங்களுள் ஒன்று என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

பழைய சோற்றுக்கும் இப்போது பெருமை பாடுகிறார்கள். நல்ல உணவுதான். நீரூற்றிப் புளிக்க வைத்தது ஏழையின் குளிர்ப்பெட்டி. ஆனால் அதை விரும்பி உண்பதற்கும் வேறின்றி உண்பதற்கும் வேற்றுமை இல்லையா? கீதையின் பதினேழாம் அத்தியாயம், சமைத்து நேரம் கடந்த பழைய உணவைத் தாமச குணத்தார் விரும்புவது என்று வகைப்படுத்துகிறது. விரும்பினார்களா? பண்ணையாள் பழையதைத் தின்றது குணத்தாலா, கூலியாலா? முதலில் சோற்றை வகைப்படுத்தினார்கள். பிறகு தின்றவனை வகைப்படுத்தினார்கள்!

கைப்பேசியில் உலவும் செய்தி ஒன்றையும் கேளுங்கள். பிசைந்த மாவைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அது பிண்டத்துக்குச் சமமாம். ஆவிகள் தேடி வருமாம்! உணவைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் என்று பாஸ்டர் காட்டி ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. குளிரில் அந்த நுண்ணுயிர் மெல்லப் பெருகும், அவ்வளவுதான் கதை. கோரியின் உழைப்பில் பிறந்த பெட்டியை வாங்கி, கோரியை எள்ளியவர்களின் மூளையோடு அதைத் திறந்தால் என்ன பயன்? சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அறிவைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

பண்டிதர் சொல்வதில் ஒன்றே ஒன்று உண்மை. முன்பு மிஞ்சியதை அண்டை வீட்டுக்குக் கொடுத்தவர்கள் இன்று பெட்டியில் அடுக்குகிறார்கள். ஆனால் அந்தக் குற்றம் பெட்டியின்மேலா? பூட்டிய உள்ளத்துக்குப் பெட்டி ஒரு சாக்கு.

நாட்டைப் பாருங்கள். 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பாதி வீடுகளில்கூடக் குளிர்ப்பெட்டி இல்லை. பனிக்கட்டி வாங்க வழியற்ற மீன்காரப் பெண், பொழுது சாயச் சாயக் கேட்ட விலைக்கு மீனைத் தள்ளுகிறாள். பனி வைத்திருக்கும் வியாபாரி காத்திருந்து வாங்குகிறான். கடலில் உயிரைப் பணயம் வைத்தவனும், கூடையைத் தலையில் சுமந்தவளும் விலை சொல்லவில்லை; குளிர் வைத்திருப்பவன் விலை சொல்லுகிறான். விளைச்சல் மிகுந்த ஆண்டில் உழவன் தக்காளியைச் சாலையோரத்தில் கொட்டுகிறான். சில மாதங்களில் நகரத்தில் அதே தக்காளி நெருப்பு விலை விற்கிறது. இடையில் இல்லாமற் போனது எது? காத்து வைக்கும் குளிர்! டூடர் காலத்தில் கேட்ட கேள்வி இன்னும் தீரவில்லை: குளிர் யாருக்குச் சொந்தம்?

தீர்க்க முடியாத கேள்வியா அது? இல்லை, ஒருமுறை தீர்த்துக் காட்டியிருக்கிறோம். போலியோ சொட்டு மருந்தை நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து குழந்தையின் நாக்குவரை குளிர் அறுபடக் கூடாது. பனிப்பொதி அடுக்கிய சிறு பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்து போகாத ஊருக்கும் படகில் போக வேண்டிய தீவுக்கும் பெண் ஊழியர்கள் நடந்தார்கள். அந்தப் பெட்டி எல்லாத் தெருவுக்கும் போயிற்று. 'எந்தத் தெரு?' என்று கேட்டிருந்தால் போலியோ ஒழிந்திருக்காது. நோய் தெரு பார்த்து நிற்பதில்லையே! 2011 ஜனவரி 13ஆம் நாள் கண்டறியப்பட்டது இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி. 2014 மார்ச் 27இல் உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. குளிரைப் பொதுவாக்கினோம், குழந்தைகள் காலூன்றி நடந்தார்கள். நம்மால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி அந்தச் சிறுமியிடம் திரும்புகிறேன்.

தாய் முதலில் மணல் நிரப்பிய ஈரப் பானைக்குள் குப்பிகளைப் புதைத்து வைத்தாள். பானை அறையின் வெப்பத்தைச் சில டிகிரி குறைக்கும். 8 டிகிரிக்குக் கொண்டுவராது. செய்தி என் காதுக்கு வந்தது மூன்று நாள் கழித்து. சொன்னவள் அந்தச் சிறுமியே. "மருந்து கெட்டுப்போனா கலங்கலாத் தெரியுமா சார்?" என்று கேட்டாள். அறிவியல் பாடத்தில் ஐயம் கேட்கும் அதே குரல். சில வகை மருந்து கெட்டால் கலங்கும், எல்லாம் அப்படியல்ல. தெளிவாகத் தெரியும் குப்பியே வலுவிழந்திருக்கலாம். இதை ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அன்று நான் சரியாக விடை சொல்லவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பள்ளி அலுவலக அறையில் சிறிய குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. அதிகாரிகள் வரும்போது கொடுக்கச் சோடாப் புட்டிகள் அதில் குளிர்ந்துகொண்டிருந்தன. தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் ஒரு சொல்லும் பேசாமல் தாமே எழுந்து, புட்டிகளை ஒதுக்கி, இடம் செய்தார். மருத்துவமனையில் சொல்லிப் புதிய குப்பிகள் வாங்கி வந்தோம். இன்று அந்தப் பெண் வாரத்துக்கு வேண்டியதை வீட்டில் வைத்துக்கொண்டு, மற்றதைப் பள்ளியில் வைத்திருக்கிறாள்.

தீர்ந்ததா? இல்லை, தோழர்களே! ஏப்ரல் இறுதியில் பள்ளிக்குப் பூட்டு விழும். கோடை விடுமுறை! அனல் கொளுத்தும் மாதத்தில்தான் குளிர் வேண்டும். அந்த மாதத்தில்தான் குளிர் இருக்கும் அறை பூட்டிக் கிடக்கும். இந்த ஒரு சிறுமிக்கு எப்படியாவது ஓர் இடம் தேடுவேன். உங்கள் ஊரில் இருக்கும் பிள்ளைக்கு யார் தேடுவார்?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பொழிவுகள் போதும், பொருளாக ஒன்று செய்வோம். ஊர்தோறும் நமக்குப் படிப்பகங்கள் உண்டு. எழுத்தறிவு மறுக்கப்பட்டவனுக்கு ஏடு தர எழுந்தவை அவை. 'எந்தத் தெரு?' என்று கேட்காமல் எவனும் உள்ளே வந்து பலகையில் அமரலாம் என்பதே அவற்றின் பெருமை. அந்தப் படிப்பகத்தின் ஒரு மூலையில் சிறிய குளிர்ப்பெட்டி ஒன்று வையுங்கள். மாலையும் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். காலையும் மாலையும் பார்த்துக் குறித்து வையுங்கள். உறைபனி அறையில் மருந்தை வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதை ஊர்ச் செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு குப்பிமேலும் உரியவர் பெயர் இருக்கட்டும், தெரு வேண்டாம். பிறகு அரசிடம் கேளுங்கள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்குக் குளிர் வைத்தீர்கள், வாழ்த்துகிறோம், வீட்டில் பெட்டியில்லாத நோயாளியின் மருந்துக்கும் அங்கே பொதுவிடம் வையுங்கள் என்று. கேட்கும் உரிமை செய்து காட்டியவனுக்கு மிகுதி.

பனியை அறுத்தவன் அயர்லாந்துக் கூலி. கரை சேர்த்தவன் சென்னைப் படகுக்காரன். எந்திரம் கண்டு ஏழையாய்ச் செத்தவன் புளோரிடா மருத்துவன். அச்சகத்தில் கற்றுக் கடலில் இழந்தவன் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளன். சாலையில் ஓடவிட்டவன் கறுப்பன். தெருத்தெருவாய்ச் சுமந்தவள் நம் ஊர்ச் செவிலி. இத்தனை பேர் சேர்ந்து ஆக்கிய குளிரை, ஒரு வீட்டுக் கதவுக்குள் அடைத்து, 'எங்களுடையது' என்று சொல்ல யாருக்கு உரிமை?

படிப்பகத்துக் கதவைத் திறந்து வையுங்கள், தோழர்களே. ஏப்ரல் நெருங்குகிறது.